‘எஸ்2, 120 மி.மீ.’ ஆலன் சாக்கெட் செட்: போல்ட்டில் வைக்கும் முன் அளந்து பாருங்கள்

அரை இன்ச் டிரைவ் (ராட்செட் மாட்டும் சதுரத் துளையின் அளவு), 9 துண்டு, “120 மி.மீ. லாங், எஸ்2 ஸ்டீல்” என்று ஆன்லைனில் போட்டிருந்த ஆலன் (அறுகோண) பிட் சாக்கெட் செட் அது. எஸ்2 என்பது அடி தாங்கும் கருவி எஃகு. பட்டறைக்கு வந்த முதல் நாளே இரண்டு போச்சு. 6 நம்பர் (6 மி.மீ.) பிட், ஒரு எம்8 (8 மி.மீ. மரை) போல்ட்டில் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டது. 7 நம்பர், போலோ காரின் பிரேக் காலிப்பர் பின்னுக்குள் பிட்டை விட்டுவிட்டு சாக்கெட் மட்டும் கையோடு வந்தது. அந்தப் பின்னை இறுக்குவதே சுமார் 30 நியூட்டன் மீட்டரில்தான். விற்றவரிடமிருந்து வந்த பதில்: “பிட் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது.”

பிறகு மிச்சமிருந்த ஏழு பிட்டுகளையும் மேஜையில் வைத்து அளந்ததில்தான் எல்லாம் தெரிந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், கால் மணி நேர வேலை.

120 மி.மீ. என்பது சாக்கெட்டையும் சேர்த்த கணக்கு. சாக்கெட் மட்டும் 38. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 82. குழிக்குள் இருக்கும் போல்ட்டுக்கு எட்ட வேண்டியது இந்த 82தான். அரை இன்ச் சாக்கெட்டின் தடித்த உடம்பு அந்தக் குழிக்குள் இறங்காது. வாங்கும்போது மொத்த நீளத்தைக் கேட்காதீர்கள், பிட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து எஃகு. சாக்கெட்டின் மேல் ‘க்ரோம் வெனேடியம்’ முத்திரை இருந்தது. சாக்கெட்டுக்கு அது போதும். எஸ்2 தேவைப்படுவது பிட்டுக்கு. பிட்டில் ஒரு எழுத்தும் இல்லை, பெட்டியில் மட்டும்தான் ‘எஸ்2’. 12.9 கிரேடு (மிக வலுவான வகை) ஆலன் போல்ட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 39 முதல் 44. நல்ல எஸ்2 பிட் 58க்கு மேல் இருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: புது அரத்தின் ஓரத்தை பிட்டின் தண்டில், முனையை விட்டுத் தள்ளி, ஒரு தேய் தேயுங்கள். நல்ல பிட்டில் அரம் கண்ணாடியில் போவதுபோல வழுக்கும். இந்த செட்டில் பளபளவென்று துருவல் உதிர்ந்தது. முனை வரை குரோமியப் பூச்சு மின்னினாலும் சந்தேகப்படுங்கள். உரிந்தால் அளவே மாறிவிடும் என்பதால், நல்ல பிட்டுகளைப் பெரும்பாலும் கறுப்பாகவோ மங்கலாகவோ விட்டிருப்பார்கள்.

வெர்னியரில் 6 நம்பரின் முறுக்காத பகுதி 5.86 காட்டியது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 5.95க்குக் குறையக் கூடாது. போல்ட்டின் குழியே 6.02 முதல் 6.14 வரை இருக்கலாம், அதில் 5.86 நுழைந்தால் முட்டுவது மூலைகள் மட்டும்தான். பிட் தேறினாலும் போல்ட் மொழுக்கென்று ஆகிவிடும்.

7 நம்பர் கழன்ற துளைக்குள் பார்த்தால் மஞ்சள் பசை! பிட்டைப் பிடித்துவைக்கும் பின்னும் இல்லை, தலையில்லாத கிரப் ஸ்குரூவும் இல்லை, அழுத்தி இறக்கிய தடமும் இல்லை. பிட்டை வைஸில் பிடித்து சாக்கெட்டை இரண்டு பக்கமும் திருகி இழுத்துப் பாருங்கள். இம்மி ஆடினாலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் குறையென்று நினைத்துவிடாதீர்கள். நல்ல நீளப் பிட்டும் முறுகும். தண்டு முழுக்க 6 மி.மீ. அறுகோணமாக, 120 மி.மீ. வெளியே நீட்டும் பிட் 40 நியூட்டன் மீட்டரில் 20 டிகிரிக்கு மேல் திரும்பும், 30 மி.மீ. குட்டைப் பிட்டில் அதே முறுக்குவிசைக்கு 6 டிகிரிதான். கையை விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் சரி, வராவிட்டால் கடினமேற்றாத பச்சை இரும்பு. டிகிரி கணக்கில் இறுக்கும் இன்ஜின் ஹெட் போல்ட்டுகளில் இந்த முறுக்கம் ஏமாற்றும்: கைப்பிடி 90 திரும்பியிருக்கும், போல்ட் அவ்வளவு திரும்பியிருக்காது. போல்ட் தலையிலேயே பெயின்ட் புள்ளி வைத்துப் பாருங்கள். அடித்தடித்துத் திருகும் இம்பாக்ட் கன்னின் அடியையும் இந்த நீளம் தின்றுவிடும், நீளப் பிட்டை அதில் போடாமலிருப்பதே நல்லது.

செட்டாக வாங்குவதைவிட 5, 6, 8, 10 நான்கையும் தனித்தனியாக நல்லதாக வாங்கலாம், பிரேக் வேலை செய்பவர்கள் 7ஐயும் சேர்த்து. எட்டாத இடத்துக்கு மட்டும் நீளம், மற்றதெல்லாம் குட்டை. உருண்டை முனை வேண்டாம், இறுகிய போல்ட்டில் அதன் கழுத்து ஒடியும். டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர பிட்) எடுத்தால் நடுவில் துளை இல்லாததாக எடுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஆக்ஸில் போல்ட்டில் இருப்பது பன்னிரண்டு முனை ஸ்ப்லைன், டார்க்ஸ் இல்லை. டார்க்ஸும் உள்ளே போகும், போய்த் தலையைத் தின்றுவிடும்.

எந்தப் பிட்டானாலும் குழியிலுள்ள அழுக்கைக் கம்பியால் சுரண்டி, பிட்டை அடி வரை இறக்கி, சுத்தியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருகுங்கள். இன்னொரு கை ராட்செட் தலையை நேராகப் பிடித்திருக்கட்டும்.

திருப்பி அனுப்பும்போது காரணத்தில் “தரம் சரியில்லை” என்று போட்டால் தேய்மானக் கதை வரும். “விவரத்தில் சொன்னபடி இல்லை” என்று போட்டு, பிட் நீளத்தை ஸ்கேலோடு, தடிமனை வெர்னியரோடு படமெடுத்து அனுப்புங்கள். பெட்டியையும் படமெடுங்கள்: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதியானால் எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. இந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.