பினாங்கு லிட்டில் இந்தியால வாங்குன வார்ப்பிரும்பு தோசைக்கல்

லெபோ பாசார் பக்கம் ஒரு பாத்திரக் கடைல 12 இன்ச் வார்ப்பிரும்பு தோசைக்கல் எடுத்தேன், இந்தியா சரக்கு, 100 ரிங்கிட்டுக்குள்ளதான் ஆச்சு. நேரா சொல்லிடுறேன், அருமையான கல், தாராளமா வாங்கலாம். ஆனா எல்லா வார்ப்பும் ஒண்ணு போல இருக்காது, அதனால நான் எத பாத்து எடுத்தேன்னு சொல்லிடுறேன்.

நான் படிச்சது நிபோங் தெபால்ல இருக்கற யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கேம்பஸ்ல மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். இரும்பு பாடத்துல லெடபுரைட்னு ஒண்ணு வரும், இரும்பும் கார்பனும் சேந்து உறையறப்ப வர்ற ஒரு கடினமான அமைப்பு, அடால்ஃப் லெடபூர்ங்கற ஜெர்மன்காரர் பேர்ல வந்தது. 1837-ல ஹார்ஸ் மலைப் பக்கம் பிளாங்கன்பர்க்ல பொறந்தவரு, வருஷக்கணக்கா இரும்பாலை, வார்ப்படப் பட்டறைன்னு வேலை பாத்துட்டு அப்புறம்தான் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரிக்கு ப்ரொஃபசரா போனாரு, அது 1765-லயே ஆரம்பிச்ச காலேஜ். பட்டறை ஆளுங்க கைப்பழக்கத்துல செஞ்சிட்டிருந்தத பாடமா எழுதி வெச்சவர்ல அவர் முக்கியமானவரு, எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை, ஏன்னா உலை பக்கத்துல நின்ன ஆள் சொல்றதுல ஒரு தெளிவு இருக்கும்.

தோசைக்கல்லுக்கு இதுல என்ன இருக்குன்னா, சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி வேணும், 4.3 சதவீதம் கார்பன் சேந்துச்சுன்னா 1147 டிகிரிலயே உருகிடும், அதனாலதான் மணல் அச்சுல ஊத்தி வார்க்க முடியுது. ஊத்துனது சீக்கிரம் ஆறிடுச்சுன்னா கார்பன் இரும்போடயே ஒட்டி லெடபுரைட் ஆயிடும், பயங்கர கடினம், ஆனா தட்டுனா ஒடஞ்சிடும். மெதுவா ஆறணும், சிலிக்கானும் போதுமான அளவு இருக்கணும், அப்பதான் கார்பன் கிராஃபைட்டா பிரிஞ்சு சாம்பல் வார்ப்பிரும்பு வரும், நமக்கு வேண்டியது அதுதான். கல்லுல மெலிசான எடம் விளிம்பு, மொதல்ல ஆறுறதும் அதுதான், கோளாறு இருந்தா அங்கதான் இருக்கும்.

அதனால கடைல அரம் கேட்டேன். கடைக்கார அண்ணே "தேச்சுப் பாருங்க தங்கச்சி, ஒண்ணும் ஆகாது"ன்னு அவரே எடுத்துக் குடுத்தாரு, அந்த மனசு எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. அடிப்பக்க விளிம்புல தேச்சப்ப அரம் நல்லா புடிச்சு கருப்பா பொடி கொட்டுச்சு, அரம் வழுக்கிட்டு போயிருந்தா வெச்சிட்டு வந்திருப்பேன். சுண்டிப் பாத்தா சத்தம் மந்தமா இருந்துச்சு, அது கிராஃபைட் அதிர்வ வாங்கிக்கறதால, நல்லதுதான். கரகரன்னு கேட்டா விரிசல் இருக்கலாம், எடுக்காதீங்க.

வீட்ல நல்லெண்ணெய் மெலிசா தடவி திரும்பத் திரும்ப காய வெச்சு பழக்குனேன், எண்ணெய் கெட்டியாகி படலமா ஒட்டிக்குது, வெங்காயம் தேச்சு ஊத்துனா தோசை அலுங்காம எழும்புது, ஓரம் மொறுமொறுன்னு நடு மெத்துனு, நான்ஸ்டிக்ல எனக்கு இது வந்ததே இல்ல. அலுமினியத்த விட இதுல சூடு ரொம்ப மெதுவாதான் பரவும், அதனால சின்ன தீயில பொறுமையா காய விடணும், ஆனா காஞ்சப்புறம் சூடு எறங்காது, தோசை மேல தோசையா போய்ட்டே இருக்கலாம்.

கொறைன்னா கனம், கைப்பிடியும் சுடும், மணிக்கட்டு வலி உள்ளவங்களுக்கு கஷ்டம்தான். பினாங்கு ஈரத்துக்கு கழுவிட்டு அப்டியே வெச்சா துரு வந்துடும், அடுப்புலயே காய வெச்சு எண்ணெய் தடவிடுங்க. சூடா இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, விரிஞ்சிடும். புளி, தக்காளி எதுவும் இதுல கொதிக்க விடாதீங்க, படலம் போயிடும். 10 இன்ச்லயும் இருக்கு, தூக்க முடியாதவங்களுக்கு, சின்ன அடுப்பு வெச்சிருக்கவங்களுக்கு அதுவே போதும்.