பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான ஓராண்டுப் பயிற்சி: ஒரு தாயின் மதிப்பீடு

அறிவுசார் குறைபாடுடைய என் மகளைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இப்பயிற்சியில் சேர்த்தோம். முடிந்து 6 மாதங்கள் ஆகிவிட்டன. கற்றவற்றில் எது நிலைத்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் பாராட்ட வேண்டியது பேருந்துப் பயணப் பயிற்சியை. வீட்டு வாசலிலிருந்து பணியிடம் வரையிலான வழியை 14 படிகளாகப் பிரித்து, படிக்கொரு பட அட்டை வரைந்து, வளையத்தில் கோத்துக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் முதல் வாரம் அவளருகே அமர்ந்தார். அடுத்த வாரம் இரண்டு இருக்கை தள்ளி. பிறகு கடைசி இருக்கையில். ஐந்தாம் வாரம் இறங்குமிடத்தில் மட்டும் நின்றார். ஒருநாள் பேருந்து வேறு வழியாகச் செல்ல, அதற்குரிய படம் கையில் இல்லாமல் அவள் கலங்கிப்போனாள். ‘ஓட்டுநரிடம் கேள்’ என்ற 15ஆவது அட்டை மறுநாளே சேர்ந்தது.

வேலைப் பயிற்சியைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. தாள் மடித்து உறையிலிடவும் நிறவாரியாகப் பொருள்களைப் பிரிக்கவும் பயிற்சிக்கூடத்தில் பல மாதங்கள் கழிந்தன. ஓரிடத்தில் பழகியதை வேறோர் இடத்தில் செய்து காட்டுவது இம்மாணவர்களுக்குக் கடினம் என்பதால்தான், முதலில் பணியில் அமர்த்திவிட்டு அங்கேயே பழக்கும் முறை உருவானது. 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் சர்ச்’ (Project SEARCH) திட்டத்தில், மாணவர்கள் பணியிடத்திலேயே துறை மாறி மாறிப் பழகுகிறார்கள். என் மகளுக்கு உண்மையான பணியிடத்தில் கிடைத்தவை 6 வாரங்களே. நூலகத்துக்குத் திரும்பி வரும் நூல்களை எண் வரிசையில் அடுக்க அங்கேதான் கற்றாள். இன்றும் வாரத்தில் மூன்று நாள் அதே வேலைக்குப் போகிறாள்.

அந்த நூலகமும் எளிதில் அமையவில்லை. திட்டமிடும் கூட்டங்களில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் மேசையோரம் அமர்ந்திருப்பாள். அவளிடம் கேட்டவற்றுக்கும் நானே பதில் சொல்லியிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது கூட்டத்தில் “எனக்குச் சத்தம் பிடிக்காது” என்று அவளே சொன்ன பிறகுதான், சலவைக்கூடம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு நூலகம் என்று எழுதினார்கள்.

பணம் எண்ணுதல், கைப்பேசிப் பயன்பாடு ஆகிய பாடங்கள் குறைசொல்லும்படி இல்லை. ஆனால் பயிற்சி முடிந்தபின் பயிற்சியாளர் இருமுறை மட்டுமே பணியிடத்துக்கு வந்தார். சென்ற மாதம் நூலக அடுக்குகளை இடம் மாற்றியபோது தொலைபேசியில் யோசனை கூறினார்களே தவிர, நேரில் ஒருவரும் வரவில்லை. புதிய அட்டைகளை நானும் மகளும் உட்கார்ந்து வரைந்தோம். சேர்க்க நினைப்போர், பணியிடத்தில் எத்தனை வாரங்கள், அதன்பின் எத்தனை மாதங்கள் நேரில் வருவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.