நொரோயியா, பிளேர் விட்ச்சா?

கொழிஞ்சாம்பாறை வீட்டில் விடுமுறைக்குக் கூடும் மாமன் மச்சான் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் இதே வழக்கு: ஆவணப்பட பாணிப் பேய்ப்படங்களில் எதைப் போடுவது?

நேரம்
பிளேர் விட்ச் (1999): 81 நிமிடம்.
நொரோயி (2005): 115 நிமிடம். பாதியில் எழுந்து போனால் கதை கைவிட்டுப் போகும்.

துப்பறிதல்
பிளேர் விட்ச்: மூன்று மாணவர்கள், ஒரு காடு, மரத்தில் தொங்கும் குச்சிப் பொம்மைகள். துப்பறிவதைவிட வழி தவறுவதே அதிகம்.
நொரோயி: அமானுஷ்யங்களை ஆராயும் ஆவணப்படக்காரர் கோபயாஷி, பேட்டி, தொலைக்காட்சித் துண்டு என்று ஒவ்வொன்றாகக் கோக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்கிறாள் ஒரு பெண். பதிவை ஆராய்ந்தவர், அது ஒரே ஒரு குழந்தையின் குரல் அல்ல, பல குழந்தைகளின் குரல் என்கிறார். அங்கேயே எனக்கு முதுகு சில்லிட்டது. அணையில் மூழ்கிய கிராமமும் வருகிறது; எங்கள் பாலக்காட்டு மலம்புழா அணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மொழி
முன்னது ஆங்கிலம், பின்னது ஜப்பானியம். துணைஉரை படிக்கப் பாட்டிக்குப் பொறுமை இருக்காது.

கூட்டமாகக் கத்திப் பார்க்க பிளேர் விட்ச். பொறுமையும் தனியறையும் இருந்தால் நொரோயி. என் ஓட்டு இதற்கே.