புவியியல் பாடத்தில் வாசிப்பு: மூன்று முறைகள், எது கைகொடுக்கும்?

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் புவியியல் பத்தியைத் தடங்கலின்றி வாசித்துவிடுவார்கள். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. இதைச் சரிசெய்ய வகுப்பறையில் வழக்கமாகக் கையாளும் வழிகள் மூன்று: வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வது, கடினச் சொற்களை முதலிலேயே விளக்குவது, பத்தியில் குறியிட்டு அதைப் படமாக மாற்றச் சொல்வது.

வரிசை வாசிப்புக்குத் தயாரிப்பே வேண்டாம். அதனால்தான் அது இன்னும் உயிரோடிருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் 40 நிமிடம் ஓடினால் ஆளுக்கு 1 நிமிடம்தான் கிடைக்கும். தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணுவதிலேயே மீதி நேரம் போய்விடும். திக்கி வாசிக்கும் பிள்ளைக்குக் கூச்சம்தான் மிச்சம். ஆசிரியரே ஒருமுறை நிறுத்தி வாசித்துக் காட்டினால் போதும்.

சொல் விளக்கம் தேவைதான், ஆனால் 5 சொல்லுக்கு மேல் வேண்டாம். 15 சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னால் பத்தியின் சாரமும் அதிலேயே வந்துவிடும். பிறகு யார் வாசிப்பார்கள்? குமரிக் கடற்கரையில் குளச்சல், மணக்குடி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கச்சானும் (மேற்கிலிருந்து வரும் காற்று) கொண்டலும் (கிழக்கிலிருந்து வரும் காற்று) வீட்டிலேயே பழக்கம். எது எந்தத் திசைக் காற்று என்று அவர்களையே சொல்லவிட்டால் பருவக்காற்றுப் பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எங்கள் பரிந்துரை மூன்றாவது முறைக்கே. 100 முதல் 150 சொல் கொண்ட ஒரே பத்தி, ஜெராக்ஸ் தாள், இரண்டு நிறப் பென்சில் போதும். இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: “அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையைத் தருகிறது.” மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தருகிறது என்ற நான்கையும் வட்டமிட்டால் நான்கு கட்டங்கள், இடையில் மூன்று அம்புக்குறிகள். வரிசை வாக்கியத்திலேயே இருக்கிறது. வரையும்போதுதான் குளிர்ந்த காற்று எப்படி மழையானது என்று ஒரு பிள்ளை கேட்கும். நீராவி சுருங்கி மேகமாகும் கட்டத்தை வாக்கியம் விட்டுவிட்டது அப்போது தெரியும். வெறும் வாசிப்பில் இந்தக் கேள்வி எழுவது அரிது.

காரணத்துக்கு ஒரு நிறம், விளைவுக்கு இன்னொரு நிறம். “மழை குறைந்தால்”, “மழை குறைந்ததால்” இரண்டையும் ஒன்றாக வாசித்துவிடும் பிள்ளைகள் நிறைய. முன்னது நடக்கக்கூடியது, பின்னது நடந்து முடிந்தது. “பெரும்பகுதி”, “பொதுவாக” போன்ற சொற்களுக்கும் அடிக்கோடு வேண்டும். தமிழ்நாட்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் என்ற வரியைப் படிக்கும் குமரி மாவட்டக் குலசேகரத்துப் பிள்ளை, ஜூன் மாதமே தன் ஊரில் கொட்டும் மழையைப் பார்த்திருக்கிறது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. புத்தகம் தவறில்லை, அது மாநிலம் முழுவதற்கும் சொல்கிறது என்பதை அந்த ஒரு சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. பென்சில் கையில் கிடைத்ததும் பத்தி முழுக்கக் கோடு போட்டுவிடுவார்கள். முதல் வாசிப்பில் பென்சில் கீழேயே இருக்கட்டும். ஆசிரியர் பலகையில் படத்தை வரைந்துவிட்டால் அது பார்த்தெழுதும் வேலையாகிவிடும்; பிள்ளைகள் முடித்த பிறகே பலகைக்குப் போக வேண்டும். 45 நிமிடப் பாடவேளையில் சொல்லுக்கு 5, முதல் வாசிப்புக்கு 5, குறியிட 10, வரைய 15, பக்கத்துப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட 10 என்று பிரித்தால் சரியாக இருக்கும்.

மறுநாள் பத்தியைத் தராமல் படத்தை மட்டும் பார்த்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 5 மதிப்பெண் விடைக்கு அதுவே பயிற்சி.