கிராஸ்டவுன் ஐ-40: தினமும் ஓட்டுகிறவன் சொல்வது

"யூக்கான்ல வீடு பார்த்தா மிட்வெஸ்ட் சிட்டிக்கு தினமும் வேலைக்குப் போய்வர முடியுமா? நடுவுல ஊரைத் தாண்டணுமே, ஐ-40 எப்படி?" ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றலாகி வருகிற நம்மவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யூக்கான் இந்த ஊருக்கு மேற்கே, மிட்வெஸ்ட் சிட்டி கிழக்கே. ஐ-40 ஹைவே டவுன்டவுனை ஒட்டிப் போகிற பகுதிக்குக் கிராஸ்டவுன் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் 2006இல் இந்த ஊருக்கு வந்தவன். பழைய கிராஸ்டவுன் பாலத்தின் மேல் ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், புதுச் சாலை திறந்த நாளிலிருந்து இன்றுவரை வேலைக்கு இதில்தான் போய்வருகிறேன்.

சாலை அருமை. தயங்காமல் வீடு பாருங்கள். ஆனால் இந்தச் சாலைக்காக இந்த ஊர் விட்டுக்கொடுத்தது ஒன்று இருக்கிறது, ஒரு பழைய ரயில் யார்டு. அதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பழைய பாலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புதுசின் அருமை தெரியும். அது 1960களின் நடுவில் கட்டியது. டவுன்டவுனை ஒட்டி, தூண்களின் மேல், உயரத்தில் போகும் பாலச் சாலை. ஒரு நாளைக்கு 76,000 வண்டி என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள், கடைசி வருடங்களில் ஓடியதோ 1,20,000க்கும் மேல். ஐ-40 என்பது கலிஃபோர்னியாவில் தொடங்கி வடக்கு கரோலினாவில் போய் முடிகிற சாலை, நாட்டின் குறுக்கே சரக்கு ஏற்றிப்போகிற லாரியெல்லாம் நம்மோடுதான் வரும். பாலத்தில் ஷோல்டர் கிடையாது. வண்டி மக்கர் செய்தால் ஒதுங்க இடமில்லை, லேனிலேயே நிற்கவேண்டியதுதான். இணைப்புகளைத் தாண்டும்போது தட் தட் என்று ஸ்டீயரிங் வரைக்கும் அதிரும். ஒருமுறை மழை நாளில் என் முன்னால் போன லாரியின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கைப்பிடி அளவு கான்கிரீட் துண்டு தெறித்து என் பானெட்டில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாலத்தில் ஏறும்போதெல்லாம் கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொள்ளும்.

இதில் இன்னொரு பயமும் இருந்தது. இந்தப் பாலத்தின் அமைப்பு எப்படி என்றால், முக்கியமான எஃகு உறுப்பு ஒன்று முறிந்தால் அந்தப் பாரத்தைத் தாங்க மாற்று உறுப்பு கிடையாது, அந்தப் பகுதியே சரிந்துவிடலாம். 2007 ஆகஸ்டில் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ பாலம் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்களே, அதற்குப் பிறகு இந்த ஊரில் எல்லோர் பேச்சும் கிராஸ்டவுன் பற்றித்தான். ஐஸ் மழை பெய்கிற நாளில் கேட்கவே வேண்டாம், மேலும் கீழும் காற்று அடிக்கிற பாலம்தான் முதலில் உறையும். அந்த நாட்களில் நான் சுற்றிக்கொண்டு போவேன்.

சரி, பழுது பார்த்தே ஓட்டியிருக்கலாமே என்று தோன்றும். அதையும் யோசித்தார்கள். பல வழிகளை அலசிப் பார்த்துவிட்டு, சாலையையே ஐந்து பிளாக் தெற்கே தள்ளுவது என்று முடிவெடுத்தார்கள். அங்கே அகலமாக, கிழக்கு மேற்காக நீளமாக ஒரு நிலம் ஏற்கெனவே இருந்தது. யூனியன் ஸ்டேஷனின் ரயில் யார்டு, அதாவது ரயில்கள் வந்து நிற்கத் தண்டவாளங்கள் வரிசையாகப் போட்டிருக்கிற இடம்.

அந்த இடத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு காலத்தில் ராக் ஐலண்டு, ஃபிரிஸ்கோ என்ற இரண்டு ரயில் கம்பெனிகளின் தண்டவாளமும் டவுன்டவுனின் நடுவிலேயே ஓடியது. ரயில் போகும்போதெல்லாம் தெருக்கள் அடைபட்டு நிற்கும். 1930 வாக்கில் இரண்டையும் பெயர்த்துத் தெற்கே கொண்டுபோய் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1931இல் அங்கே ஸ்பானிஷ் பாணியில் யூனியன் ஸ்டேஷனைக் கட்டினார்கள். தண்டவாளம் போன காலி இடத்தில்தான் இன்றைய நகர மண்டபமும் சிவிக் சென்டரும் நிற்கின்றன. ஆக, ஊருக்கு இடைஞ்சல் என்று ரயிலைத் தெற்கே தள்ளினார்கள், எழுபது எண்பது வருடம் கழித்து ஹைவே இடைஞ்சல் என்று அதையும் தெற்கே தள்ளினார்கள். இந்த முறை அந்த இடத்தில் ஏற்கெனவே தண்டவாளம் இருந்தது.

ஸ்டேஷனில் பயணிகள் ரயில் 1967லேயே நின்றுவிட்டது. ஆனால் யார்டு இருந்தது, சரக்கு லைன் இருந்தது. பி.என்.எஸ்.எஃப் என்ற ரயில் கம்பெனியின் சிக்காஷா லைனை அங்கிருந்து எடுத்து, பேக்கிங்டவுன் பக்கம் இருந்த இன்னொரு தடத்தோடு சேர்ப்பது என்று ஏற்பாடு. பேக்கிங்டவுன் என்றால் பழைய மாட்டுச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் இருந்த பகுதி. சொல்ல எளிதாக இருக்கிறது, நடக்க வருடக்கணக்காயிற்று. ஒரு ரயில் தடத்தை எடுக்கவேண்டுமென்றால் மாநில அரசு மட்டும் முடிவெடுத்துவிட முடியாது, அதற்கு வாஷிங்டனில் தனி வாரியம் இருக்கிறது. யார்டைக் காப்பாற்றவேண்டும், நாளைக்குப் பயணிகள் ரயில் வந்தால் இதைவிட்டால் வேறு இடம் கிடைக்காது என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் அந்த வாரியம் வரை போய் வாதாடினார்கள். ஹைவேக்கு அனுமதி 2002இலேயே கிடைத்துவிட்டது, ஆனால் தண்டவாள விவகாரம் 2008 தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மேலே பழைய பாலத்தில் ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டே கீழே பார்ப்பேன். ஒரு பக்கம் தூண் எழும்பி நிற்கும், ஒரு பக்கம் வெறும் செம்மண் பள்ளம், வேலை முன்னேறுகிறதா இல்லையா என்றே புரியாது. எனக்கு அப்போது ரயிலைப் பற்றிக் கவலையில்லை, சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா.

2012 ஜனவரியில் கிழக்கு நோக்கிய பக்கத்தைத் திறந்தார்கள், பிப்ரவரியில் மேற்கு நோக்கியதை. மொத்தச் செலவு சுமார் 68 கோடி டாலர். நீளம் ஏறக்குறைய நான்கு மைல், பத்து லேன். முதல் நாள் அதில் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இறங்கியது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் டவுன்டவுன் பகுதியில் சாலை தரைமட்டத்துக்குக் கீழே போகிறது. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை, இருபக்கமும் நிம்மதியாக ஒதுங்கி நிற்க இடம். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அவ்வளவு அமைதி. ஷீல்ட்ஸ் தெருப் பக்கம் வரும்போது தலைக்கு மேலே சரக்கு ரயில் போகும், நாம் அடியில் போவோம். தெற்கு வடக்காகப் போகிற அந்த லைன் மட்டும் பிழைத்தது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காலையில் கிழக்கே போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ரொம்ப மோசம், கூலிங் கிளாஸ் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஐ-35ம் ஐ-235ம் வந்து சேருகிற இடத்துக்கு ஒரு மைல் முன்பே சரியான லேனுக்குப் போய்விடுங்கள். சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்தச் சந்திப்பில் கடைசி நேரத்தில் குறுக்கே பாய்கிறவர்களால்தான் நெரிசல். மற்றபடி யூக்கானிலிருந்து மிட்வெஸ்ட் சிட்டிக்கு அரை மணிக்குச் சற்று மேல், விபத்து இல்லாத நாளில்.

பழைய பாலத்தை இடித்தபோது செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதிலிருந்த எஃகு உத்தரங்களைக் காயலான் கடைக்குத் தள்ளவில்லை. ஏறத்தாழ 2000 உத்தரங்களை மாநிலத்தின் கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்குக் கொடுத்து, கிராமத்துச் சின்னச் சின்னப் பாலங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எங்கேயோ ஓர் ஓடையின் மேல், கோதுமை வயலுக்கு நடுவில், நான் தினமும் பயந்துகொண்டே கடந்த பாலத்தின் துண்டு இன்னும் வேலை செய்கிறது.

பாலம் இருந்த இடத்தில் ஓக்லஹோமா சிட்டி புலவார்டு என்று தரையில் ஒரு தெரு போட்டார்கள், அது முழுசாக முடிய 2019 ஆயிற்று. டவுன்டவுனுக்குள் போகிறவர்களுக்கு நல்ல வழி. ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் அதில் போகவேண்டாம், சிக்னல் சிக்னலாக நின்று போகவேண்டியிருக்கும். பழைய பாலத்துக்கும் புது ஹைவேக்கும் நடுவில் கிடந்த பகுதியிலும், ஹைவேக்குத் தெற்கேயும் சிஸர்டெயில் பூங்கா வந்தது. ஒரு சென்ட் விற்பனை வரியில், மக்கள் 2009இல் ஓட்டுப் போட்டுச் சம்மதித்த பணத்தில் கட்டியது. வடக்குப் பாதி 2019 செப்டம்பரில் திறந்தது, தெற்குப் பாதி 2022இல். இரண்டும் சேர்த்து 70 ஏக்கர். நடுவில் ஹைவே போகிறது, அதைக் கடக்க ஸ்கைடான்ஸ் என்ற நடைபாலம். அதன் மேலே 197 அடி உயரத்துக்கு எஃகுச் சிறகுகள். இந்த மாநிலத்தின் பறவைக்குக் கத்தரிக்கோல் மாதிரி நீளமான பிளவு வால், அதைப் பார்த்து வடித்தது. குழந்தைகளோடு போனால் அந்தப் பாலத்தின் நடுவில் நின்று கீழே போகிற லாரிகளுக்குக் கையை மடக்கி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், பத்தில் மூன்று லாரியாவது ஹாரன் அடிக்கும். என் மகளுக்கு இதைவிட்டால் வேறு பூங்கா வேண்டாம்.

குறைகளையும் சொல்கிறேன். பழைய பாலத்தில் எவ்வளவு பயம் இருந்தாலும், ஊர் கண்ணெதிரே தெரியும், கட்டடங்களின் ஜன்னல் மட்டத்தில் போவோம். இப்போது பள்ளத்தில் போவதால் ஊரிலேயே உயரமான டெவன் கோபுரத்தின் தலைதான் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் டவுன்டவுனைத் தாண்டியது தெரியாமலே தாண்டிவிடுகிறார்கள். இரண்டாவது, ஹைவே தள்ளிப்போனது யாருக்குப் பக்கத்தில் என்று பாருங்கள். தெற்கே வாக்கர் தெருவில் லிட்டில் ஃபிளவர் என்று ஒரு பழைய கத்தோலிக்க தேவாலயம் இருக்கிறது, அதைச் சுற்றி மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கிற பகுதி. டவுன்டவுனுக்கு விடிவு வந்தது, சத்தம் அவர்கள் பக்கம் போனது. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவரின் பாட்டி வீடு அங்கே. ஜன்னலை மூடிவைத்தால்தான் பாட்டிக்குத் தூக்கம் வருகிறதாம்.

மூன்றாவது குறை என் அப்பா வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. அப்பா அரக்கோணம் யார்டில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அவர் இங்கே வந்தபோது, ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது வாங்கப்பா என்று யூனியன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அது பூங்காவோடு சேர்ந்த கட்டடம். அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைவு வாசல். அப்பா முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்விட்டார். ரயில்காரர்களுக்கு ஸ்டேஷனின் முகம் பின்னால்தான். அங்கே போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"லைன் எங்கப்பா?"

அதோ அங்கதான்ப்பா இருந்தது, என்று ஹைவே பக்கம் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எட்டு வைத்து அளக்க ஆரம்பித்தார். "எவ்ளோ அகலம் பாரு, எத்தனை லூப் லைன் இருந்திருக்கும். வண்டி வரலைன்னா பரவால்லப்பா, லைனை விட்டு வெச்சிருந்தா என்னைக்காவது வரும். எடுத்துட்டா எடுத்ததுதான்." பாதை ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லியா என்று. சாதாரணக் கல்தான், கீழே போட்டுவிட்டார்.

இந்த ஊரில் இன்றைக்கு இருக்கிற ஒரே பயணிகள் ரயில் ஹார்ட்லேண்ட் ஃபிளையர். 1999இல் தொடங்கியது. நாளுக்கு ஒரு தடவை ஃபோர்ட் வொர்த் போய்த் திரும்பும், அது கிளம்புவது கிழக்கே சான்டா ஃபே ஸ்டேஷனிலிருந்து. நார்மன், எட்மண்ட், விமான நிலையம் என்று உள்ளூர் ரயில் விடவேண்டும் என்று இப்போது திட்டம் பேசுகிறார்கள். நல்ல திட்டம், நான் ஆதரிக்கிறேன். வடக்கு தெற்குக்கு லைன் கையில் இருக்கிறது. கிழக்கு மேற்குக்கு ஊர் நடுவில் அந்த அளவு அகலமான இடம் இனிமேல் எங்கே கிடைக்கும்? சாலை போட்டது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன், அந்தப் பழைய பாலத்தில் ஓட்டியவன் யாரும் சொல்லமாட்டான். ஆனால் பத்து லேனுக்கு இடம் கண்டுபிடித்தவர்கள் பக்கத்திலேயே இரண்டு தண்டவாளத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கவேண்டும், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்திருந்தாலும் தகும். அன்று அந்த யார்டுக்காக வாதாடியவர்களை வேலையைத் தாமதப்படுத்துகிறார்கள் என்று நானும் திட்டியிருக்கிறேன். அவர்கள் சொன்னது நியாயம்.

மார்க் போடச் சொன்னால் ஓட்டுவதற்கு ஐந்துக்கு ஐந்து, பூங்காவுக்கு நாலரை, ரயிலுக்குச் செய்ததற்கு ஒன்று. ஸ்டேஷனைப் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், வெயில் சாய்ந்ததும் சுவரெல்லாம் மஞ்சளாக மின்னும். ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் பூங்கா ஓரத்திலேயே நிற்கிறது, டவுன்டவுனில் எங்காவது வண்டியை விட்டுவிட்டு அதில் வந்துவிடலாம். காற்று பலமாக வீசுகிற நாளில் நடைபாலத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகவேண்டாம். பின்பக்கம் மறக்காமல் போய்ப் பாருங்கள்.