மாதம் பதினைந்து நாள் வெளியூரில், மூன்றரை வருடமாக பேலியோவில்

2022 ஜூனில் பேலியோ, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்த உணவு முறை, ஆரம்பித்தேன். அன்றைக்கு எடை 98 கிலோ, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு அதே நோயில் கால் விரல் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் அதற்கு மேல் யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினான்கு மாதத்தில் 79 கிலோவுக்கு வந்தேன். இப்போது 79க்கும் 81க்கும் நடுவில் நிற்கிறது. எச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 5.5.

எனக்குச் சொந்த ஊர் கோவை. வேலை, ஸ்பின்னிங் மில்களில் ரிங் ஃப்ரேம் என்ற நூல் நூற்கும் மெஷினுக்கு சர்வீஸ். ராஜபாளையம், திண்டுக்கல், அருப்புக்கோட்டை என்று மாதத்தில் பத்து, பதினைந்து நாள் வெளியூர்தான். வருடத்துக்கு மூன்று நான்கு முறை குஜராத்துக்கும் லூதியானாவுக்கும் போக வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு பேலியோ செய்தவர்களின் அனுபவம் நிறைய கிடைக்கிறது. பஸ்ஸிலும் லாட்ஜிலும் மில் கெஸ்ட் ஹவுஸிலும் அதைக் காப்பாற்றுவது வேறு விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடைப்பிடிப்பது கண்டிப்பான முறை. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 40 கிராமுக்குள். முட்டை, கறி, மீன், பனீர், நெய், தேங்காய், கீரை, நாட்டுக் காய்கள், காலையில் பாதாம். சைவ நாளில் பனீரும் தயிரும்.

முதல் ஆறு மாதம் வெளியூரில் திரும்பத் திரும்பத் தோற்றேன். வீட்டில் ஒரு வாரம் ஒழுங்காக இருந்து ஒன்றரை கிலோ குறைப்பேன். ராஜபாளையம் போய் நான்கு நாள் கழித்து வந்தால் இரண்டு கிலோ கூடியிருக்கும். மனசு விட்டுப்போகும். அது அத்தனையும் கொழுப்பு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. உடம்பு சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் வயிறார சோறும் பரோட்டாவும் சாப்பிட்டால் மறுநாள் தராசில் ஒன்றரை கிலோ ஏறுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். மறுபடி முறைக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வெளியூர் போய் வந்த மறுநாள் நான் எடை பார்ப்பதே இல்லை. ஐந்தாம் நாள்தான் பார்ப்பேன். அந்த ஒரு மாற்றம் என்னைப் பாதியில் விடாமல் காப்பாற்றியது.

தோற்ற நாட்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. காலை ஐந்தரைக்குச் சிங்காநல்லூரில் பஸ் ஏறுவேன். பல்லடம், தாராபுரம் தாண்டும்வரை எதுவும் தெரியாது. ஒட்டன்சத்திரம் பக்கம் வண்டி நிற்கும்போது பசி கண்ணை மறைக்கும். அந்த நேரத்தில் எதிரே இருப்பது இட்லியும் பூரியும் மட்டும்தான். அங்கே நின்று யோசித்து ஒருநாளும் ஜெயித்ததில்லை. பசி வருவதற்கு முன்பே சாப்பாடு கையில் இருக்க வேண்டும். வெளியூர் பேலியோவில் எனக்குத் தெரிந்த எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

கையில் என்ன என்று கேட்டால், முதலில் பாதாம். 100 எண்ணிக்கை கிட்டத்தட்ட 120 கிராம், 700 கலோரி வரும். காலையும் மதியமும் ஒன்றாகவே நகர்ந்துவிடும். இரவே ஊறவைத்து, காலையில் வடித்து, நெய்யில் சிறு தீயில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் அரைகுறையாக வறுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டு போனேன். சித்திரை வெயிலில் மூன்றாம் நாள் மேலே பூஞ்சை. இரண்டு நாள் சாப்பாடு அப்படியே குப்பைக்குப் போனது. இப்போது மூன்று நாளுக்கு மேல் பயணம் என்றால் ஊறவைக்காமல் வெறுமனே வறுத்துத்தான் எடுத்துப் போகிறேன்.

அடுத்தது முட்டை. லாட்ஜ் அறைக்கென்று சின்ன எலக்ட்ரிக் கெட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது தண்ணீர் கொதித்ததும் தானே அணைந்துவிடும் ரகம். முட்டை வேகாதே என்று முதலில் நினைத்தேன். தண்ணீர் முட்டையை மூடும் அளவுக்கு ஊற்றி, ஒருமுறை கொதித்து அணைந்ததும் மூடி திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கொதிக்க வைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் மஞ்சள்கரு கெட்டியாகவே வெந்திருக்கும். ரயிலில் மட்டும் கெட்டிலை வெளியே எடுக்கவே கூடாது. செல்போன் சார்ஜருக்கு வைத்திருக்கும் பாயின்ட்டில் கெட்டில் போடுவது ரயில்வே தடை செய்த விஷயம், தீ விபத்து ஆபத்தும் உண்டு. அவித்த முட்டையை வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பையில் வைப்பதில்லை. பனீருக்கும் அதே கணக்கு. மதுரை போகும் வழியில் ஒரு மோட்டலில் புளித்த வாடை லேசாக இருந்த பனீரை, வேறு வழியில்லை என்று சாப்பிட்டு இரண்டு நாள் படுத்திருக்கிறேன். பசித்தால் பட்டினி கிடக்கலாம், சந்தேகமான பனீரைத் தொடக் கூடாது.

கடையில் சாப்பிட வேண்டிய நிலை வந்தால், பேலியோக்காரருக்கு நம் ஊரில் மிகச் சிறந்த இடம் பரோட்டாக் கடைதான். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, கல் சூடாக, முட்டை தட்டு தட்டாக அடுக்கியிருக்கும் வேறு இடம் எது? ஆம்லெட், ஆஃப் பாயில், கொங்குப் பக்கம் என்றால் கலக்கி. மதுரை, விருதுநகர்ப் பக்கம் மட்டன் சுக்கா, ஈரல், குடல். பரோட்டாவைவிட இவற்றுக்கு விலை கூடுதலாகும், உண்மைதான். ஆனால் வயிறு நிறையும். சால்னாவை மட்டும் தள்ளி வைத்துவிடுவேன். பொட்டுக்கடலையோ முந்திரியோ அரைத்து ஊற்றாத குழம்பு கடைகளில் அபூர்வம். சிக்கன் 65ம் வேண்டாம், அது சோளமாவிலும் அரிசிமாவிலும் புரட்டிப் பொரித்தது. கிரில் சிக்கன் நல்லது. கூடவே வரும் மயோனைஸைத் தொடுவதில்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை செய்ததே, அதற்கு முன்பே நான் விட்டுவிட்டேன்.

ஆர்டர் சொல்வதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சப்ளையரிடம் "நான் டயட், கார்ப் இல்லாம வேணும்" என்று சொன்னால் அவர் பாவம் என்ன செய்வார்? மாஸ்டரிடமே போய், "மாஸ்டர், சுக்கா ஒண்ணு, கிரேவி ஊத்தாம. நாலு முட்டை ஆம்லெட், வெங்காயம் அதிகமா" என்று சொன்னால் அச்சு மாறாமல் வரும். வேண்டாததைப் பட்டியல் போடாமல் வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராஜபாளையம் பக்கத்து மில் ஒன்றின் கெஸ்ட் ஹவுஸில் சமைக்கும் அண்ணன். முதல்முறை இலையில் சோறு வேண்டாம் என்றதும் பதறிவிட்டார். "என்ன சார், உடம்புக்கு ஏதும் முடியலையா? கஞ்சி வச்சுத் தரட்டுமா?" என்றார். நான் அவரோடு அடுப்படியிலேயே போய் நின்று, "அண்ணே, சோறு மட்டும் வேணாம். அதுக்குப் பதிலா பொரியல் ரெண்டு கரண்டி கூடப் போடுங்க, முட்டை மூணு போதும்" என்றேன். நாலாவது முறை போனபோது நான் கேட்காமலே, "சார், உங்களுக்குப் புடலங்காயைப் பருப்பு சேர்க்கறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட அந்தப் புடலங்காயை இன்னும் மறக்கவில்லை. புரட்டாசியில் அங்கே முட்டைகூட உள்ளே வராது. அந்த மாதம் முழுக்கத் தேங்காய் தூக்கலாகப் போட்ட கீரையும், நெய்யில் வாட்டிய பனீரும், கெட்டித் தயிரும் கொடுத்தே என்னைப் பார்த்துக்கொண்டார்.

பசியைவிடக் கஷ்டமானது உபசரிப்பு. மில் மேனேஜர் வீட்டுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அங்கே அவர் மனைவி காலையிலிருந்து சமைத்ததை வேண்டாம் என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. "டயட்ல இருக்கேன்" என்றால், "ஒரு நாள்தானே தம்பி" என்பார்கள். "சர்க்கரை ஏறும் நிலையில இருக்கு, டாக்டர் சோறு வேண்டாம்னுட்டார்" என்று உள்ளதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கூடவே முதல் ஆளாகக் குழம்பில் இருக்கும் கறியைக் கேட்டு வாங்கி, இரண்டாம் முறையும் கேட்பேன். சமைத்தவருக்கு வேண்டியது நாம் ருசித்துச் சாப்பிடுவதுதான். கிளம்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கையில் வரும். அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன், பிள்ளைகளுக்கு. தங்கை கல்யாணத்தன்று மட்டும் முழு இலையும் சாப்பிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அன்று இரவே முட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

வடக்கே லூதியானா சுலபம். தந்தூரி சிக்கன், பனீர் டிக்கா, உப்பு லஸ்ஸி எல்லாம் தெருவுக்குத் தெரு. டில்லியிலிருந்து போகும் சதாப்தியில் அசைவம் என்று பதிவு செய்தால் காலையில் ஆம்லெட் வரும், ரொட்டியை ஒதுக்கிவிடலாம். குஜராத்தான் சோதனை. பருப்பிலும், கடி என்ற அவர்கள் ஊர் மோர்க்குழம்பிலும்கூட வெல்லமோ சர்க்கரையோ சேர்ப்பார்கள், மில் பக்கத்தில் முட்டை கிடைப்பதே அரிது. அங்கே போகும்போது பாதாம் ஒரு கிலோவாக எடுத்துப் போய்விடுவேன். மற்றபடி மோர், பனீர், வெள்ளரிக்காய்.

தண்ணீரையும் உப்பையும் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பிலிருந்து உப்பும் நீரும் நிறைய வெளியேறும். மில்லில் ஸ்பின்னிங் ஹால் எப்போதும் வெக்கையும் ஈரமுமாக இருக்கும். முதல் கோடையில் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்தபோது டயட் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டு டம்ளர் குடித்ததும் சரியானது. எனக்கு ரத்த அழுத்தம் இல்லை என்பதால் உப்பைக் கூட்ட முடிந்தது, இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பஸ்ஸில் இறங்க முடியாதே என்று தண்ணீரைக் குறைத்ததால் மலச்சிக்கலால் ஒரு வருடம் அவதிப்பட்டேன். இப்போது தினம் ஒரு வேளை கீரையும், இரண்டு கொய்யாக்காயும், மூன்று லிட்டர் தண்ணீரும் தவறுவதில்லை. இளநீரை ஆசைக்குக் குடிக்காதீர்கள். ஒரு காயிலேயே பத்து கிராம் வரை மாவுச்சத்து போய்விடும்.

இன்னொன்று பயமாகவே சொல்கிறேன். என்னோடு வந்த சக ஊழியர் ஒருவர், சர்க்கரை நோய் உள்ளவர், என்னைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினார். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். சர்க்கரை மிகவும் இறங்கி, பஸ்ஸிலேயே கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறிவிட்டது. கண்டக்டர் கொடுத்த மிட்டாயால்தான் தேறினார். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டர் அளவைக் குறைத்துத் தராமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட மாற்றக் கூடாது. டபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த உணவோடு கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான நிலை வரக்கூடும். தயவுசெய்து கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என் ரத்தப் பரிசோதனையில் எல்லாமே நல்லதாக இல்லை. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு 240லிருந்து 110க்கு இறங்கியது. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் என்னும் எல்டிஎல் 128லிருந்து 161க்கு ஏறியிருக்கிறது. ஏறினால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு, என் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானும் அப்படி இருக்கப்போவதில்லை. மூன்று மாதம் வெண்ணெய் டீயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நெய்யைப் பாதியாக்கி, மட்டன் சுக்கா இருந்த இடத்தில் மீனைக் கொண்டு வரச் சொன்னார். அருப்புக்கோட்டையில் மதியம் மீன் குழம்பு கிடைக்கும் மெஸ் ஒன்றைப் பிடித்துவிட்டேன். ராஜபாளையம் அண்ணனிடம் போனில் சொன்னதற்கு, "வியாழக்கிழமை வாங்க சார், அன்னைக்குத்தான் மீன் நல்லா வரும்" என்றார். இந்த முறை சர்வீஸ் தேதியை வியாழனுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.