பட்டறைக்கு இஎஸ்ஐயா, குரூப் பாலிசியா? செலானையும் கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்

கோவை கணபதி பக்கம் பம்ப் உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. ரோலில் பன்னிரண்டு பேர். அரசின் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ கட்டி வருகிறேன். போன மாதம் ஓர் ஏஜென்ட் வந்து குரூப் ஹெல்த் பாலிசிக்கு (ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீடு) ஒரு கொட்டேஷனை வைத்துவிட்டுப் போனார். "இஎஸ்ஐ மருந்தகத்துல யாருங்க போய் நிக்கறாங்க? இதை எடுத்துட்டீங்கன்னா பசங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, மெஷின் சத்தம் இல்லாத நேரத்தில், அந்தக் கொட்டேஷனையும் எங்கள் இஎஸ்ஐ செலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைப் போன்ற சின்ன முதலாளிகள் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடம் என்றால் இஎஸ்ஐ நம் விருப்பம் அல்ல, சட்டம். தனியார் பாலிசி எடுத்துவிட்டேன், அதனால் இஎஸ்ஐ கட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்து ஏழு பேர் ஆனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால் ஒப்பீடு எதற்கு? மூன்று விதமான ஆட்களுக்காக. பத்துக்குக் கீழே ஆள் வைத்திருக்கும் பட்டறைகள், மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போய்விட்டதால் இஎஸ்ஐக்கு வெளியே நிற்கும் சீனியர் ஆட்கள், அப்புறம் முதலாளியான நாம்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 16,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். ஆக மாதம் 640. 2019 ஜூலைக்கு முன்னால் இது 4.75, 1.75 என்று இருந்தது. இதே சம்பளத்துக்கு 1,040 ரூபாய் போயிருக்கும். இந்தக் குறைப்பு சின்னப் பட்டறைகளுக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது போகும் விதம். நாங்கள் ஜாப் ஒர்க் செய்து பில் போட்டால் பார்ட்டியிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆவது சாதாரணம். இஎஸ்ஐ மாதாமாதம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கஷ்டம்தான், ஆனால் சம்பளத்தோடு சேர்ந்து போகிற சிறு தொகை. குரூப் பாலிசிக்கு வருஷப் பிரீமியத்தை ஒரே மூச்சில் எடுத்து வைக்க வேண்டும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. குரூப் பாலிசிக்கு அந்தச் சலுகை இல்லை. தீபாவளி போனஸ் நெருங்கும் மாதத்தில் ரினியூவல் வந்தால் என்ன பாடு என்பது பட்டறை நடத்துபவர்களுக்குத் தெரியும்.

சரி, இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஏஜென்ட்கள் ஒப்பிடும்போது ஆஸ்பத்திரி பில்லை மட்டும் ஒப்பிடுகிறார்கள். தொழிலாளி வீட்டில் நோய் வந்தால் போவது இரண்டு: ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் இன்னொன்று. குரூப் பாலிசியும் குடும்ப பாலிசியும் முதலாவதைத்தான் பார்க்கின்றன. இஎஸ்ஐ இரண்டையும் பார்க்கிறது. தகுதிக்கான நாட்கள் இருந்தால், காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்து படுத்தவருக்கு வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நாள் நோய் என்றால் 80 சதவீதம், அதுவும் இரண்டு வருஷம் வரை நீளலாம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வைத்தியச் செலவுக்கு மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று உச்சவரம்பும் இல்லை. மனைவி, குழந்தைகள், வருமானம் இல்லாத அப்பா அம்மா எல்லாரும் அதற்குள் வருகிறார்கள்.

இதை நான் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷம் முன்பு, எங்கள் ஹெல்பர் தம்பி ஒருவன் ட்ரில்லிங் மெஷினில் நின்றுகொண்டிருந்தான். சுழலும் மெஷினில் கையுறை போடக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு வந்த காஸ்டிங்கில் பிசிறு அதிகம், உள்ளங்கை கீறுகிறது என்று போட்டிருக்கிறான். ட்ரில் பிட் கையுறை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. ஆள் கத்துவதற்குள் பக்கத்து லேத்காரர் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்துவிட்டார். அதனால்தான் கை தப்பியது; ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. கூலன்ட் தட்டில் ரத்தமும் எண்ணெயும் கலந்து கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கையுறையை அன்றைக்கே நான் பார்த்துக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே இஎஸ்ஐயில் பதிந்து ஐபி எண் (காப்பீட்டு எண்) எடுத்திருந்தோம். அந்த ஒரு காரியம் அவனையும் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. இரண்டு மாதம் அவனால் வேலைக்கு வர முடியவில்லை. சம்பளத்தில் 90 சதவீதம் அவன் வங்கிக் கணக்கில் விழுந்தது. பிறகு மெடிக்கல் போர்டு இழப்பின் சதவீதத்தைத் தீர்மானித்தது. அதற்கேற்ற சிறு தொகை இப்போதும் மாதாமாதம் வருகிறது, ஆயுள் முழுக்க வரும். எந்த ஹெல்த் பாலிசியிலும் இது கிடையாது.

பத்துப் பேருக்குக் கீழே வைத்து நடத்தும் நண்பர்களுக்கு இந்த இடத்தில்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலை நேரத்து விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முழுக்க முதலாளி தலையில். 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்துபோனால் கணக்கு இப்படி: சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் 15,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்வார்கள், அதில் பாதி 7,500, அதை வயதுக்கான எண் 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். குரூப் ஹெல்த் பாலிசி இதில் ஒரு ரூபாய்கூடத் தராது. ஆகவே ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஹெல்த் பாலிசி மட்டும் எடுப்பது பாதி வேலைதான். தொழிலாளர் நஷ்டஈட்டு பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இஎஸ்ஐக்கே வரலாம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் ஒத்துக்கொண்டால் பத்துக்குக் கீழே உள்ள இடங்களும் விரும்பிச் சேர வழி இருக்கிறது. பத்தாவது ஆளை ரோலில் காட்டாமல் மறைக்கிற பழக்கம் நம் வட்டாரத்தில் இருக்கிறது. ஆளுக்கு மாதம் 520 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பதினைந்து லட்சத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள். என் மனசுக்கு இது ஒப்பவில்லை.

இஎஸ்ஐயில் குறை இல்லையா? இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மருந்தகத்தில் காத்திருப்பதில் அரை நாள் போய்விடுகிறது. அங்கிருந்து இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, அங்கே வசதி இல்லாத வைத்தியத்துக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் தனியார் ஆஸ்பத்திரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் இந்தப் படிகளை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பசங்க பக்கத்தில் இருக்கிற கிளினிக்குக்குப் போய்க் கையிலிருந்து காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆனால் சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் பெரிய அறுவை சிகிச்சை முடித்து ஒரு பைசா கட்டாமல் வீடு திரும்பியவர்களும் எங்கள் பட்டறையில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் இரண்டு பேருக்கு, ஊரில் இருக்கும் குடும்பத்தை அங்கேயே ஒரு மருந்தகத்தில் பதிந்துகொள்ளலாம் என்பது பல மாதம் தெரியாமலே இருந்தது. இதைச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை.

குரூப் பாலிசியின் பலம் வேறு இடத்தில். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே கவர் வாங்க முடியும். தனி பாலிசியில் இதற்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்க வைப்பார்கள். 2024 ஏப்ரலுக்கு முன் அது 48 மாதமாக இருந்தது. 21,000-ஐத் தாண்டிய சூப்பர்வைசர், சர்க்கரை உள்ளவர், வயது ஐம்பது என்றால் அவருக்குக் குரூப் பாலிசிதான் சரி. ஏழு பேர் இருந்தாலே பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. பலவீனம், வேலையை விட்டால் பாலிசியும் போய்விடும். அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, ஒரு வருஷம் இரண்டு பெரிய கிளெய்ம் வந்தால் மறு வருஷம் பிரீமியம் எகிறும். ஆயிரம் பேர் இருக்கும் மில்லில் அது பரவிக் கரைந்துவிடும். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் ஒரே ஒரு பைபாஸ் போதும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்பார்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பிரீமியம் இல்லாமல் கிடைக்கிறது. ஏழை வீடுகளுக்கு அருமையான திட்டம். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் 10,000. லேத் ஓட்டத் தெரிந்த யாரும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள்.

இனி முதலாளி. தனி உரிமையாளராகப் பட்டறை நடத்துபவர் தொழிலாளி அல்ல, ஆகவே இஎஸ்ஐயில் அவருக்கு இடம் இல்லை. பன்னிரண்டு பேருக்குக் கட்டிவிட்டு, தன் வீட்டுக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். மெஷின் தவணை, ஜிஎஸ்டி, கரன்ட் பில் என்று போய்க்கொண்டே இருக்கும். நம் உடம்பு கடைசி வரிசையில் நிற்கும். நமக்கு உள்ள வழி குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி, அதாவது வீட்டார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொகைக்கு எடுப்பது. அதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. மூன்று லட்சத்துக்கு ஸ்டாண்டர்டு பாலிசியான ஆரோக்ய சஞ்சீவனி வைத்திருந்தேன். மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. அவசரத்தில் காலியாக இருந்த 8,000 ரூபாய் அறையைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். அந்த பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு நாளுக்கு 5,000 ரூபாய்தான் உச்சம். அதிக வாடகை அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்திருந்தார்கள். 1,20,000 ரூபாய் இப்படிப்பட்ட செலவு என்றால் 75,000 தான் கணக்குக்கு வரும், 45,000 நம் கையிலிருந்து. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. கடைசியில் மொத்தத்தில் 5 சதவீதம் நம் பங்கு. இவை எல்லாம் பாலிசியில் அச்சடித்தே இருந்தன, நான் படிக்கவில்லை. கொட்டேஷன் வந்தால் பிரீமியத்துக்கு முன்னால் அறை வாடகை வரியைப் பாருங்கள். இப்போது வாடகை உச்சம் இல்லாத பாலிசிக்கு மாறிவிட்டேன்.

வரி விஷயம் சுருக்கமாக. தொழிலாளர்களுக்கு எடுக்கும் குரூப் பிரீமியத்தை ரொக்கமாக இல்லாமல் கட்டினால் தொழில் செலவாகக் காட்டலாம். நம் வீட்டு பாலிசி தொழில் செலவு ஆகாது. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் கழிவு உண்டு.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முடிவு செய்தது: 21,000 வரை உள்ள பசங்களுக்கு இஎஸ்ஐ எல்லா வகையிலும் மேல், அதற்குப் பதிலாக எதையும் வைக்க மாட்டேன். மேலே போய்விட்ட இரண்டு பேருக்கு மட்டும் குரூப் பாலிசி எடுக்க எண்ணிக்கை போதாது. அவர்கள் வீட்டு ஃப்ளோட்டருக்குப் பட்டறை பாதி கொடுக்கும்.

ஒருவர் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் டர்னர், 20,500 சம்பளம். இருபது வருஷ அனுபவம், ஏற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். "சம்பளம் ஏத்த வேண்டாங்ண்ணா" என்கிறார். அவர் அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் இஎஸ்ஐயில்தான் நடக்கிறது. அந்த அம்மாவுக்குப் புதிதாகத் தனி பாலிசி கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்தோம். இஎஸ்ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம்; அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை அவர் உள்ளேயே இருப்பார். ஏப்ரல் சம்பளத்திலேயே ஏற்றினால் வைத்தியம் டிசம்பர் 31 வரைதான். மே சம்பளத்தில் ஏற்றினால் மறு வருஷம் ஜூன் 30 வரை. ஓவர்டைம் பணம் அந்த 21,000 கணக்கில் சேராது என்பதால், நடுவில் அதை வைத்தும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். மே மாதத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜூன் 30-க்குப் பிறகு அந்த அம்மாவுக்கு என்ன செய்வது என்று, பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் குரூப் பாலிசிக்காகப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.